சுவருக்கு அந்தப் பக்கத்து மூக்கு

“உனக்க மூக்கும் அங்கதானே பிள்ளே சம்பளம் வாங்குது?”

தையல்கார அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அவள் கையில் ஈரமான வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. பள்ளிச் சட்டை வெட்டியதில் மிஞ்சிய துண்டு. வீட்டுக்குப் பின்னால் கொடியில் காலையிலிருந்து, நாற்றம் பிடிக்கட்டும் என்று நனைத்து நனைத்துத் தொங்கவிட்டிருந்ததை எடுத்து வந்து, என் முகத்துக்கு நேராக நீட்டி, மோந்து பார் என்றாள். பார்த்தேன். துணி வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை அக்கா என்று உண்மையைத்தான் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில்தான் அது. அவளுடைய நாகர்கோவில் பக்கத்துப் பேச்சில் உனக்க, எனக்க என்றுதான் வரும். கோபத்தில்கூட அந்தப் பேச்சு பாட்டுப்போல இழுபடும் என்பதால் எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்தில், சாலைக்கும், இங்கே தோடு என்று சொல்லும் ஓர் ஓடைக்கும் நடுவே இருந்த மில்லில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். துணி நெய்யும் மில் அல்ல. நெய்து வந்த துணியை வெளுத்து, சாயமேற்றி, சுருக்கம் விழாதபடி பக்குவப்படுத்தி அனுப்பும் இடம். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் படித்துவிட்டு அதன் லாபில் உட்கார்ந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா தம்பானூரில் ஒரு லாட்ஜில் விரிப்புகள் துவைத்தாள். எங்கள் குடும்பத்தில் பஸ் போர்டைப் படித்துவிட்டு ஏறிய முதல் ஆள் நான்தான். மில் கொடுத்த அடையாள அட்டையை, பக்கத்து இருக்கைக்காரர்களுக்குத் தெரியும்படி சுடிதாருக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டுதான் பயணம் செய்வேன். அப்படிப்பட்டவளிடம், உன் மூக்கை நம்ப முடியாது என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்?

என்னை அவளிடம் அனுப்பியது மேனேஜர் சார். பாலக்காட்டுக்காரர். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். மில்லின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் பெண் ஓயாமல் புகார் சொல்கிறாள், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வரைக்கும் மனு போயிருக்கிறது, நீ தமிழ்ப் பெண் அல்லவா, போய்ச் சமாதானமாகப் பேசிவிட்டு வா என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது. முன்பெல்லாம் மில்லின் புகைக்கூண்டிலிருந்து நீலப் புகை வரும். துணியைச் சூட்டில் விறைப்பாக இழுத்துக் காயவைக்கும் ஸ்டென்டர் என்ற நீளமான இயந்திரத்திலிருந்து வருவது அது. நூலில் ஒட்டியிருக்கும் எண்ணெயும், துணியில் ஏற்றிய மருந்துகளும் சூட்டில் ஆவியாகி வெளியேறும். அக்கம்பக்கத்து வாழை இலைகளில் பிசுபிசுப்பாகப் படியும். சார்தான் மேலிடத்தில் மன்றாடி, புகையைத் தண்ணீரால் கழுவி அனுப்பும் ஒரு கோபுரத்தை வாங்கி நிறுத்தினார். மில்லில் அதை ஸ்க்ரப்பர் என்பார்கள். அடியில் தொட்டி, மேலே தண்ணீரைத் தூவும் குழாய்கள், புகையை இழுத்துவிடும் விசிறி. அதன் பிறகு கூண்டில் வெள்ளை ஆவி மட்டும்தான் தெரிந்தது. வருகிறவர்களை எல்லாம் முற்றத்துக்குக் கூட்டிப் போய் அதைக் காட்டுவார். அப்படியும் இந்த அக்கா நாறுகிறது என்றால், அவர் என்ன செய்வார்?

அக்காவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அண்ணன் வீட்டில் சமைத்துப்போட்டுக்கொண்டு கிடந்த நாட்களிலிருந்து தப்பித்து, ஒரு மிஷினோடு இந்த ஊருக்கு வந்தவள் அவள். புருஷன் இல்லை என்பதை ஒரு தகவலாக மட்டும் சொல்வாள், அதற்கு மேல் போகமாட்டாள். பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கு வருஷா வருஷம் அவள்தான் யூனிபார்ம் தைத்தாள். அவள் வீட்டு வாடகையும் சோறும் அதில்தான். போன வருஷம் சட்டைகள் திரும்பி வந்தன. அழுகின முட்டை மணக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். பள்ளி சிஸ்டர் நல்லவர். இன்னும் ஒரு தடவை பார்ப்போம், மழைக்காலத்துக்கு முன் வந்து கேட்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். இந்தத் தடவையும் வேலை கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டு அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான். “அங்க போனா என் கத்திரிக்கோல வச்சு வெண்டைக்காதான் வெட்டணும்” என்றாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் மில் வாசலுக்குப் போகவில்லை. ரோஷம்தான் காரணம். நேராகப் பின்தெருவுக்குப் போய், கொடியில் தொங்கிய அதே ஈரத்துணியை எடுத்து மூக்கில் வைத்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அழுகிய முட்டை. அதற்கு அடியில் காடி மாதிரி ஒரு புளிப்பு. முந்தின நாள் நான் லாபில் பாதி நாள் இருந்துவிட்டு வந்து மோந்திருந்தேன். ஒரு மணத்துக்குள்ளேயே இருந்தால் சற்று நேரத்தில் மூக்கு அதைச் சொல்லுவதை நிறுத்திவிடும். இது பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் மில்லில் இதுவரை புகாரை விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் மில்லுக்குள்ளேயிருந்து எழுந்து வந்தவர்கள்தான் என்பது அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் முதலில் அக்கா வீடு, பிறகுதான் மில். அவள் பால் விடாத கட்டன்சாயா போட்டு வைத்திருப்பாள், ஆனால் துணியை மோந்த பிறகுதான் கொடுப்பாள். சாயா மணம் மூக்கில் ஏறிவிடுமாம். பாதி நாட்கள் எங்களுக்குள் சண்டைதான். எது நாறினாலும் அவளுக்கு மில்தான். ஒருநாள் மதியம் ஆள் விட்டு அழைத்தாள். உங்க மில்லு ஆளையே கொல்லுது, வந்து பாரு என்று. போனால் உண்மையாகவே தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்ததில் அவளுடைய தையல் மிஷினுக்குப் பின்னால், துணி மூட்டைக்கு அடியில், ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “அதுவும் உங்க மில்லு காத்து பட்டுதான் செத்திருக்கும்” என்றாள். இந்தக் கதை எப்படியோ மில்லுக்குள் பரவி, ஸ்டென்டர் ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்று பெருச்சாளிக்குச் சுகமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்காவின் புகாருக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் அதோடு போயிற்று.

எனக்கு அது பொறுக்கவில்லை. மூக்கை நம்பாவிட்டால் தாளை நம்பட்டும் என்று நினைத்தேன். ஈய உப்பு ஒன்றில் நனைத்துக் காயவைத்த வடிதாள், அந்த அழுகிய முட்டை வாயு பட்டால் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் செய்திருக்கிறேன். லாபில் பட்டை பட்டையாக வெட்டி எடுத்துப் போய், அக்காவின் கொடியில் துணிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டினேன். அடுத்த நாள் காலையில் அது தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. அதை மேனேஜர் சார் மேசையில் வைத்தபோது எனக்கிருந்த பெருமையை மறைக்க நான் முயற்சிகூடச் செய்யவில்லை.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நியாயமான ஒரு கேள்வி கேட்டார். பின்னால் தோடு ஓடுகிறது, ஊர் அழுக்கெல்லாம் அதில்தான் தேங்குகிறது, இதே வாயு அதிலிருந்தும் வருமே, அது எது இது எது என்று உன் தாள் சொல்லுமா? சொல்லாது. வெளியே வரும்போது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். கும்ப மாதம், நமக்கு மாசி. பொங்காலை வரப்போகிறது.

இந்த ஊர்ப் பெண்களுக்கு அந்த நாளைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அன்றைக்கு அம்மன் கோயிலைச் சுற்றி மட்டுமல்ல, நகரத்தின் பெருந்தெருக்கள் முழுக்கப் பெண்கள் செங்கல் அடுக்கி, மண்பானை வைத்து, அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். மில் பின்தெருவிலும் வரிசையாக அடுப்புகள் வரும். முந்தின நாள் சாயங்காலமே மில் நின்றுவிடும். அந்த நாளில் தாளை மாட்டினால் தெரிந்துவிடும் அல்லவா என்று சாரிடம் சொன்னேன். மில் ஓடாதபோதும் தாள் கறுத்தால் குற்றம் தோட்டினுடையது. கறுக்காவிட்டால் நம்முடையது. அவர் உடனே ஒப்புக்கொண்டார். அக்காவும் ஒப்புக்கொண்டாள். கறுத்தால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், பெட்டியையும் கட்டிவிடுகிறேன், தோட்டோடு யார் சண்டை போட முடியும் என்றாள். அவள் குரலில் துளியும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

பொங்காலை அன்று விடியும்போதே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பானையும் ஓலைக்கட்டும் தலையில் வைத்துக்கொண்டு வந்த அம்மா, தெரு முனையிலேயே நின்று முகம் சுளித்தாள். தம்பானூர் லாட்ஜ் விரிப்பிலே எத்தனையோ நாத்தம் பார்த்தாச்சு, இப்படி ஒண்ணு பார்த்ததில்லையே என்றாள். மில் நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்த இரைச்சலும் இல்லை. ஆனால் அதே மணம், அதே காடிப் புளிப்போடு தெருவில் இறங்கி நின்றது. கொடியில் சாயங்காலம் நான் மாட்டிய தாள் கறுப்பாக இருந்தது.

அக்கா தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, தன் அடுப்புக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்பே தாளைப் பார்த்துவிட்டாள். ஏதாவது ஏசுவாள் என்று காத்திருந்தேன். “அப்ப தோடுதான் போல மக்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அவள் ஊரில் சொந்தப் பிள்ளையைத்தான் மக்களே என்பார்கள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒலிபெருக்கியில் கோயில் அடுப்பு மூண்ட செய்தி வந்தது. பெண்களின் குலவை எழுந்தது. தெரு முழுக்க ஒரே சமயத்தில் ஓலையும் தென்னம்பாளையும் பற்றிக்கொண்டன. அந்தப் புகையில் கண்ணீர் விடுவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பானைகள் பொங்கின. அம்மாவும் அக்காவும் ஒருத்தி பானையை ஒருத்தி பார்த்துக்கொண்டு, வெல்லம் போதுமா போதாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நைவேத்யம் ஆக இன்னும் நேரம் இருந்தது. தீ அணைந்து, ஒலிபெருக்கியும் ஓய்ந்து, புகைக்குச் சிவந்த கண்களோடு பெண்கள் எல்லாரும் தீர்த்தம் தெளிக்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்த அந்த அமைதியில்தான் அது என் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் விசிறியின் மெல்லிய முனகல்.

மற்ற நாட்களில் இயந்திர இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கும் கேட்டதில்லை. ஸ்க்ரப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

சேலை முழுக்கக் கரியோடு மில் வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார். மில் நிற்கும்போது ஸ்க்ரப்பர் எதற்கு ஓடுகிறது என்று கேட்டேன். “பொங்காலைக்கு வர்ற பெண்ணுங்களுக்கு நல்ல காத்து கிட்டட்டேன்னு சார் பறஞ்சு” என்றார். நிறுத்த வேண்டாம், இரவும் ஓடட்டும் என்று சாரே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய மனைவியின் அடுப்பும் அதே தெருவின் மறுமுனையில் இருந்தது. மில் நின்றுவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் அர்த்தமானது, துணியைக் காய்ச்சும் ஸ்டென்டர் நின்றுவிட்டது என்பதுதான். ஸ்க்ரப்பரை நாங்கள் யாரும் இயந்திரமாகவே நினைக்கவில்லை. நாற்றத்துக்கு மருந்து அது. மருந்து எப்படி நாறும்?

வாட்ச்மேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடித்தொட்டியின் மூடியைத் திறந்தேன். மூக்கு பதில் சொல்லிவிட்டது. ஸ்க்ரப்பரை வாங்கிய நாளிலேயே, புகையைக் கழுவப் போய் நல்ல தண்ணீரைச் செலவழிப்பதா என்று யாரோ நியாயமாகக் கேட்டிருக்கிறார்கள். வேனலில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர் இது. அதனால் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்து கிடைக்கும் தண்ணீரையே குழாய் போட்டு இங்கே திருப்பியிருந்தார்கள். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்புத் துணிக்கு ஏற்றும் சாயத்தில் இருக்கும் கந்தகம் அதில் கரைந்து தங்கியிருந்தது. ஸ்டென்டர் ஆவியோடு வரும் காடி போன்ற அமிலம் தொட்டியில் அதோடு சேர்ந்ததும் அழுகிய முட்டை வாயு பிறந்துவிடும். ஸ்டென்டர் நின்ற பிறகும் தொட்டித் தண்ணீரில் இரண்டும் மிஞ்சியிருந்ததால் அது நிற்கவில்லை. விசிறி அதை இழுத்து, பத்திரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்த்தது. நீலப் புகை போனதும் வேறு நாற்றம் வந்ததும் ஒரே நாளில் நடந்திருக்கிறது. அக்காவைத் தவிர எவருக்கும் அது தெரியவில்லை.

கொடியில் ஒரு புதுத் தாளை மாட்டிவிட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எனக்காக ஓடவிட்டு, என்னையே கொன்னிருக்காரு அல்லே?” என்றாள். பிறகு அம்மாவும் அவளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அடுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. தோடு தன் பாட்டுக்குக் கிடந்தது.

மறுநாள் மேனேஜர் சாரைத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். மில்லுக்குள் நுழைவதற்கு முன்பே வாசலில் பிடித்து, சுற்றுவழியாக, புது மூக்கோடு. மூடியைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தானே ஓடட்டும்னு பறஞ்சது” என்றார். அதற்கு மேல் யாரையும் குறைசொல்லவில்லை. ஸ்க்ரப்பருக்கு நல்ல தண்ணீரும், அதைப் பழசாகும் முன் மாற்றும் ஏற்பாடும், அமிலம் தங்காதிருக்கக் காரமும், கறுப்புச் சாயக் கழிவைத் தனியாக எடுத்துக் காற்றூதிச் சரிசெய்ய ஒரு தொட்டியும் வந்தன. லாரித் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று மேலிடத்தில் அவர் வாங்கிய பேச்சை எங்களிடம் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவரே வந்து நின்றார். கையில் இரண்டு பேண்ட். இடுப்பு கொஞ்சம் விடணும் என்றார். நின்றபடியே மூக்கால் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தெரியாததுபோல டேப்பை எடுத்தாள். அவர் போன பிறகு, “கொஞ்சமா? நல்லாவே விடணும்” என்றாள் அக்கா.

மழைக்காலத்துக்கு முன் பள்ளி சிஸ்டர் வந்தார். அதுவும் காலை வேளைதான். அலமாரியில் மடித்திருந்த மாதிரிச் சட்டை ஒன்றை உருவி, காலரை மூக்கருகில் வைத்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சட்டையை மறுபடி மடித்து வைத்துவிட்டு, பெரிய வகுப்புகளை வேறிடத்தில் கொடுத்தாகிவிட்டது, சின்னப் பிள்ளைகளுடையதை நீங்கள் தையுங்கள் என்றார். பாதிதான். ஆனால் பெட்டியைக் கட்டத் தேவையில்லை. அவர் தெரு திரும்பும்வரை பொறுத்திருந்து அக்கா எனக்குச் சாயா ஊற்றினாள். அன்றைக்குத் துணியை மோந்து பார்க்கச் சொல்லவில்லை.

சில வருஷங்கள் கழிந்துவிட்டன. அக்கா இப்போது பெரிய வகுப்புகளுக்கும் தைக்கிறாள். இரண்டாவது மிஷினும் ஒரு உதவிப் பெண்ணும் உண்டு. கொடியில் ஈரத்துணி மாட்டுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. நான் பகுதிநேரமாகப் படித்து பொறியியல் பட்டம் வாங்கினேன். போன மாதம், திருப்பூர்ப் பக்கம் துணிக்குச் சாயமேற்றும் ஒரு பெரிய மில்லில், காற்றும் கழிவுநீரும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது. விடைபெறப் போனபோது அக்கா ஒரு வெள்ளைத் துண்டை என் கையில் வைத்து அழுத்தினாள். பள்ளிச் சட்டைத் துணிதான். இந்த முறை நான்கு ஓரமும் மடித்துத் தைத்திருந்தாள். “உனக்க மூக்கு இனி எவன்கிட்ட சம்பளம் வாங்கப் போகுதோ?” என்று கேட்டாள். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை புது வேலையின் முதல் நாள். ஒன்பது மணிக்கு வாசலில் ஆள் காத்திருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதற்கு வெகுமுன்பே போய் இறங்கி, வாசலைத் தாண்டி, மதிலைச் சுற்றி நடந்து, பின்பக்கத்தில் இருந்த முதல் வீட்டின் கதவைத் தட்டினேன். பாத்திரம் விளக்கிய கையோடு ஒரு பெண் வந்தாள். துண்டை அவள் வீட்டுக் குழாயிலேயே நனைத்துப் பிழிந்து, இதை உங்கள் கொடியில் ஒருநாள் போட்டு வைக்க முடியுமா, நாளைக் காலையில் நான் வருவேன், எனக்கு முன்னால் நீங்கள் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன்.

அவள் என் கழுத்தில் தொங்கிய புது அடையாள அட்டையைப் பார்த்தாள். “நீங்க மில்லுதானுங்களே?” என்றாள். ஆமாம் என்றேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கொடியில் தொங்கிய குழந்தைச் சட்டையைச் சற்று நகர்த்தி, துணிக்கு இடம் விட்டாள்.